காணியில் நிற்கும் கட்டைகள்: சின்னப் பெக்கோவும் அதன் கைகளும்

இடம்பெயர்ந்து போய்த் தன் காணிக்குத் திரும்பி வரும் குடும்பத்தை முதலில் மறிப்பது காடு. பத்தைகளும் நாயுண்ணியும் சில கிழமைக் கத்தி வேலையில் போய்விடும். மரங்களைத் தறித்து விறகாக்கலாம். அதற்குப் பிறகும் காணி கமத்துக்கு வந்துவிடுவதில்லை. தறித்த மரங்களின் அடிக்கட்டைகள் நிலத்தோடு நிலமாக நிற்கின்றன. உழ வந்த ரக்ரரின் கொழு முறிகிறது. ஒரு மழை பெய்ததும் கட்டையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து தளிர் கிளம்பி, மூன்றாம் வருடம் மீண்டும் பத்தையாகிறது. மரம் தறிப்பது பாதி வேலைதான். கட்டை பிடுங்குவதே மறுபாதி. அந்த மறுபாதிதான் கடினமானதும் செலவு கூடியதும்.

வன்னிக்கு இது புதிய வேலையன்று. இரணைமடுக் குளத்தின் கட்டுமானம் 1902இல் தொடங்கியது. அதன் கீழ் 1930களில் கிளிநொச்சிக்குக் குடியேற வந்தவர்களும், 1950களிலும் 60களிலும் வவுனிக்குளம், முத்தையன்கட்டு, விசுவமடு ஆகிய இடங்களுக்கு வந்தவர்களும், 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களில் வந்து ஒதுங்கிய குடும்பங்களும் இதே கட்டைகளோடு மல்லுக்கட்டியவர்கள்தாம். அவர்களிடம் இருந்தவை அலவாங்கு, கோடாலி, மண்வெட்டி, நெருப்பு. வெயில் காலத்தில் காடு வெட்டிக் காயவிட்டு, மழைக்கு முன் எரித்து, கட்டைகளுக்கு இடையே குரக்கனும் சோளமும் விதைத்தார்கள். கட்டை உக்கிப்போகச் சில வருடம் பொறுத்திருந்தார்கள். கறையான் அவர்களுக்குக் கூலியில்லாத வேலையாள்.

இன்று திரும்பி வரும் குடும்பத்துக்கு அந்தப் பொறுமைக்கான வசதி இல்லை. தறப்பாள் கொட்டிலுக்கும் தற்காலிக வீட்டுக்கும் இடையே பல வருடங்கள் போய்விட்டன. முதற் காலபோகத்திலேயே ஏதாவது விளைய வேண்டும். ஆகவே இயந்திரம் பிடிக்கிறோம். எந்த இயந்திரம், அதன் முனையில் எந்தக் கருவி, எந்த மாதத்தில், எந்த ஒழுங்கில் என்று பார்த்துப் பிடித்தால் காசும் மிஞ்சும், மண்ணும் மிஞ்சும். பாராமல் பிடித்தால் கட்டையோடு மேல்மண்ணும் போய்விடும்.

மிசினைக் கூப்பிடுவதற்கு முன்

முதலில் மிதிவெடி. இதைப் பலமுறை கேட்டுச் சலித்திருப்பீர்கள், ஆயினும் கட்டை விடயத்தில் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. 2002 தொடக்கம் ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற நிறுவனங்களும், பின்னர் டாஷ் போன்ற உள்நாட்டு நிறுவனங்களும், இராணுவத்தின் பிரிவும் வடக்கில் வெடி அகற்றி வருகின்றன. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. முகமாலை, உலகில் வெடிகள் மிக நெருக்கமாகப் புதைக்கப்பட்ட இடங்களில் ஒன்றாகப் பேசப்பட்ட மண். அங்கே அகற்றுவோர் கையால் மட்டுமன்றி, கவசக் கண்ணாடியும் இரும்புத் தகடும் பொருத்திய பெக்கோக்களாலும் வேலை செய்தார்கள். மண் அணைகளை அள்ளிப் பரப்பிச் சோதிப்பதற்கு அவை உதவின. அந்த மிசின்களும் நம் ஊருக்குக் கட்டை பிடுங்க வரும் மிசினும் ஒரே இனம். ஆனால் நம்முடையதுக்குக் கவசம் கிடையாது.

வெடி அகற்றல் ஒரு குறித்த ஆழம் வரைக்கும்தான் செய்யப்படுகிறது. உழவுக்கும் நடமாட்டத்துக்கும் அது போதும். ஒரு பாலைக் கட்டையைப் பிடுங்கும்போது ஒரு மீற்றர், அதற்கு மேலும் தோண்டுகிறோம். ஆகவே ‘காணி விடுவிக்கப்பட்டது’ என்ற ஒரு வார்த்தை போதாது. எவ்வளவு ஆழத்துக்குத் துப்புரவு செய்யப்பட்டது, காவலரணோ பங்கரோ இருந்த இடம் எது, தறித்த மரத்தின் அடியிலும் சோதித்தார்களா என்று கேளுங்கள். கிராம அலுவலர் மூலமாகவோ, கிளிநொச்சியில் உள்ள பிராந்தியக் கண்ணிவெடி அலுவலகத்திலோ கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. பழைய பங்கர்களுக்குப் பனங்குற்றியும் தென்னங்குற்றியும் அடுக்கியதால், தலையில்லாத மரங்களும் வெறும் கட்டைகளும் நிறைய நிற்கும் இடம் பெரும்பாலும் பழைய காவலரண் வரிசையாக இருக்கும். அத்தகைய இடத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

சந்தேகமான நிலத்தில் கட்டைக்கு நெருப்பு வைக்கவே கூடாது. கட்டையைச் சுற்றி உமி குவித்து மூட்டம் போடுவது நமது பழைய வழக்கம். அது நாட்கணக்கில் உள்ளே கனன்று கொண்டிருக்கும். அடியில் ஒரு செல் கிடந்தால் அந்தச் சூடு போதும். குப்பைக்கு நெருப்பு வைத்தபோது வெடித்த சம்பவங்கள் வடக்கில் நடந்திருக்கின்றன.

இரண்டாவது விடயம் எல்லை. இருபது முப்பது வருடம் ஆளில்லாமல் கிடந்த காணியில் வேலியும் கதியாலும் போய்விடும். உறுதியும் பெர்மிட்டும் இடப்பெயர்வில் தொலைந்திருக்கும். அப்போது மிஞ்சி நிற்கும் சாட்சிகள் மூன்று: கிணறு, வீட்டு அத்திவாரம், வரிசையாய் நட்ட மரங்களின் கட்டைகள். காட்டு மரம் ஒழுங்காக முளைப்பதில்லை. ஒரே இடைவெளியில் பத்துத் தென்னங்குற்றி நின்றால், அது மனிதக் கை நட்டது. எல்லையில் வரிசையாய் நிற்கும் பனங்கொட்டுகளும் அப்படியே. 2009க்குப் பின் வன்னியின் பல இடங்களில், காடாகிப் போன பழைய குடியிருப்பு நிலங்களிலும் வயல்களிலும் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் நாட்டப்பட்டு, மக்கள் தங்கள் காணி என்று நிறுவ வேண்டிய நிலை வந்தது. கேப்பாப்புலவில் 2017இல் வீதியோரம் இருந்து போராடிய மக்களுக்கு ஒரு பகுதிக் காணி திரும்பக் கிடைத்தது. இரணைதீவுக் குடும்பங்கள் 1992இல் விட்டுவந்த தீவுக்கு 2018இல் திரும்பினார்கள். இப்படித் திரும்புகின்ற எவருக்கும் நாம் சொல்வது: நில அளவையாளர் வந்து போகும் வரையில் எல்லைக் கட்டைகளைத் தொடாதீர்கள். ஒரு கட்டையைப் பிடுங்க அரை மணித்தியாலம் போதும். பிடுங்கிய பின் அது நின்ற இடத்தை ஒருவருக்கும் காட்ட முடியாது. கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள், கிணறும் கட்டையும் ஒரே படத்தில் வரும்படி.

நிற்கும் மரத்தைத் தறிப்பதானால் சட்டமும் உண்டு. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைக் காக்கிறது. முதிரை, பாலை போன்ற மரத்தை ஏற்றி இறக்குவதற்கும் அனுமதி கேட்பார்கள். முதலில் பிரதேச செயலகத்தில் விசாரித்துவிட்டு வாளை எடுங்கள். வாள் என்றதும் இன்னொன்று. போர் நடந்த இடத்து மரங்களுக்குள் செல்லின் சன்னங்கள் உறைந்து கிடக்கும். மேலே பட்டை மூடி வளர்ந்திருக்கும். அரிவு ஆலைக்காரர்களைக் கேட்டால் எத்தனை வாள் பல் போனது என்று சொல்வார்கள். சங்கிலி வாளால் அரிபவர் முகக் கவசம் இல்லாமல் அரிய வேண்டாம்.

எண்ணெயின் பலம்

பெக்கோவின் பலம் எங்கிருந்து வருகிறது? கிளிநொச்சியில் மசி பெர்குசன் ரக்ரர் அறியாத வீடு இல்லை. ஒரு சிறிய நெம்பைத் தட்டினால் பின்னாலுள்ள கலப்பை முழுவதும் எழும்புகிறதே, அதுதான் ஹைட்ரோலிக். அயர்லாந்து மண்ணில் பிறந்த ஹரி பெர்குசன், ரக்ரரின் பின்னால் கலப்பையை மூன்று புள்ளிகளில் பூட்டி எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் முறையைக் கமக்காரருக்குக் கொண்டுவந்தார். அடைத்த எண்ணெயை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் ஒரே அளவாகப் போகும் என்பதை 17ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் விளக்கினார்.

கணக்கைப் பாருங்கள். 8 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஓர் உருளையின் முகப்பரப்பு ஏறத்தாழ 50 சதுர சென்ரிமீற்றர். ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 200 கிலோ அழுத்தம் என்றால், தள்ளும் பலம் 10,000 கிலோ, அதாவது 10 தொன். கையின் நீளத்தால் அதில் பாதிக்கு மேல் குறைந்துபோகும். ஆயினும் 5 தொன் எடையுள்ள ஒரு சின்னப் பெக்கோவின் வாளிப் பல்லில் 4 தொன் அளவு பலம் மிஞ்சும். ஒன்றரைத் தொன் மிசினில் அது ஏறத்தாழ ஒன்றரைத் தொன்தான். நாலு பேர் அலவாங்கு போட்டுத் தொங்கினாலும் இது வராது.

நம் ஊரில் ‘பெக்கோ’ என்ற பெயரில் இரண்டு மிசின் ஓடுகின்றன. முன்னால் பெரிய வாளியும் பின்னால் தோண்டும் கையுமாக நாலு சில்லில் ஓடும் மஞ்சள் ஜே.சி.பி. ஒன்று. ஜோசப் சிறில் பம்ஃபோர்ட் என்பவர் இங்கிலாந்தில் 1953இல் இத்தகைய மிசினை முதலில் செய்தார். அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தாம் மிசினின் பெயரும். மற்றது செயினில் ஓடி, முழு உடலும் சுழலும் மிசின். இதன் சிறிய வகையை ஜப்பானின் யன்மார், தக்கேயுச்சி போன்ற கம்பனிகள் 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் கொண்டுவந்தன. நெருக்கமான வீட்டு வளவுக்குள் தோண்டத்தான் அவை உருவாகின. நம் மேட்டுக்காணிக்கும் அதே காரணத்தால் பொருந்துகின்றன. தென்னைக்கும் கிணற்றுக்கும் இடையால் போகும். எடை செயினில் பரவுவதால் நிலத்தை அவ்வளவு இறுக்காது.

டோசர் வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். குளக்கட்டுக்கும் வீதிக்கும் அது நல்ல மிசின். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் மேட்டுக்காணிக்கு அது எதிரி. கட்டையையும் பத்தையையும் தள்ளும்போது அதன் தகடு மேல்மண்ணை வழித்துக்கொண்டு எல்லையில் குவிக்கிறது. காணி பார்வைக்குப் பந்து விளையாடும் இடம்போல அழகாயிருக்கும். முதல் வருடம் கத்தரி நட்டால் மஞ்சளாய் நிற்கும். எல்லையில் குவித்த குவியலில் மட்டும் பூசணி காடாய்ப் படரும். உங்கள் பசளை அங்கே கிடக்கிறது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

இது நம் ஊர் அவதானிப்பு மட்டுமன்று. நைஜீரியாவின் இபடான் நகரிலுள்ள சர்வதேச வெப்பவலய விவசாய நிறுவனத்தில் 1970களில் இந்தியாவில் பிறந்த மண்ணியலாளர் ரத்தன் லால், காட்டைப் பல விதமாகத் துப்புரவு செய்து மண் எவ்வளவு கழுவிப் போகிறது என்று அளந்தார். கையால் வெட்டிய நிலத்தைவிட, டோசரால் மரத்தைத் தள்ளி வேரை வாரிய நிலத்தில் மண்ணரிப்பு மிகப் பல மடங்காக இருந்தது. பெரு நாட்டின் யூரிமாகுவாஸ் என்னும் இடத்திலும் அதே காலத்தில் சோதித்தார்கள். வெட்டி எரித்த நிலத்தோடு ஒப்பிட்டால், பசளை இடாத டோசர் நிலத்தின் விளைச்சல் பாதிக்கும் குறைவு. சாம்பலின் சத்தும் இல்லை, மேல்மண்ணும் இல்லை, மிஞ்சியது இறுகிய அடிமண். வன்னியின் செங்கபில மண்ணும் காய்ந்தால் செங்கல்போல இறுகும் மண்தான்.

முனையில் மாட்டும் கருவிகள்

மிசினை வாடகைக்குப் பேசும்போது மணித்தியாலக் கூலியை மட்டும் கேட்கிறோம். முனையில் என்ன மாட்டியிருக்கிறது என்று கேட்பவர் குறைவு. கட்டை பிடுங்குவதில் பாதி வெற்றி அதில்தான்.

பெரும்பாலும் வருவது வாய்க்கால் துப்புரவுக்கான அகன்ற வாளி. கட்டைக்கு அது ஆகாது. பலம் முழுவதும் பல பற்களுக்குப் பிரிந்து போகும். ஒரு அடி அல்லது ஒன்றரை அடி அகலமுள்ள, பல் தேயாத ஒடுங்கிய வாளி கேளுங்கள். அதைவிடச் சிறந்தது றிப்பர், அதாவது கொக்கிபோல வளைந்த ஒற்றைப் பல். முழுப் பலமும் ஒரே முனையில் இறங்குவதால், வேரின் கீழே நுழைந்து இழுத்தால் கைத்தொடை அளவு வேரும் முறியும். மண்ணையும் அதிகம் கிளறாது. ஒரு கமக்கார அமைப்பு சேர்ந்து ஒரேயொரு கருவிதான் செய்விக்கலாம் என்றால், நான் றிப்பரையே சொல்வேன். அதற்குத் தனி எண்ணெய்க் குழாய் தேவையில்லை. வாளியைக் கழற்றி, அதே முள்ளில் மாட்டினால் சரி. நல்ல ஒட்டு வேலை செய்பவர், கடின உருக்குத் தகடு கிடைத்தால், பார்த்துச் செய்யலாம். துளையின் அளவு மிசினுக்கு மிசின் மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

வாளிக்கு எதிரே பெருவிரல்போல மடங்கும் ஒரு பிடியும் உண்டு. பிடுங்கிய கட்டையைக் கவ்வி, உதறி, மண்ணைக் காணிக்குள்ளேயே கொட்டிவிட்டுக் கட்டையை மட்டும் ஏற்ற அது உதவும். பெரிய கட்டையைப் பிளக்கும் கருவிகள் இரண்டு வகை: கத்தரிபோல இரு தகடு நெரித்துப் பிளப்பது, திருகாணிபோலச் சுழன்று உள்ளே ஏறிப் பிளப்பது. கட்டையைத் துகளாக அரைக்கும் உருளையும் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மிசினின் கையில் மேலதிக எண்ணெய்க் குழாய் வேண்டும். ஜப்பானிலிருந்து பாவித்து வந்த மிசின்கள் சிலவற்றில் அது இருக்கும், சிலவற்றில் இராது. கையின் நுனிப்பக்கத்தில் மூடி போட்ட இரண்டு குழாய் வாய்கள் இருக்கின்றனவா என்று நீங்களே பார்க்கலாம். அரைக்கும் உருளை எண்ணெயும் நிறையக் கேட்கும். கல்லோ சன்னமோ பட்டால் பல் பறக்கும். வீட்டுச் சுவரை ஒட்டி, கிணற்றை ஒட்டி நிற்கும் கட்டைக்கு, சுற்றிலும் தோண்டாமல் முடிப்பதற்கு அது நல்லது. தோட்டத்துக்கு அவ்வளவு பயனில்லை, ஏனெனில் வேர் உள்ளேயே கிடக்கிறது.

பிடுங்கும் ஒழுங்கு

கட்டை பிடுங்கும் வேலை மரம் தறிக்கும் நாளிலேயே தொடங்குகிறது. நிலத்தோடு ஒட்டத் தறிக்காதீர்கள். நெஞ்சளவு உயரம் விடுங்கள். அந்த உயரம் மிசினுக்குத் துலாபோல நெம்பாகும். ஒட்டத் தறித்த கட்டைக்கு மிசின் இரண்டு மடங்கு தோண்டும். அந்தத் தோண்டலுக்குக் காசு கொடுப்பவர் நீங்கள்.

மாதமும் முக்கியம். ஆவணியில் செங்கபில மண்ணில் பல் இறங்காது. கார்த்திகை நடுவில் மிசினே இறங்கிவிடும். முதல் மழை நாலைந்து விழுந்து மண் இளகிய ஐப்பசித் தொடக்கம், அல்லது மழை விட்டு நிலம் ஆறிய தை, மாசி நல்லவை. பளை, முல்லைத்தீவுக் கரையோர மணலில் இந்தக் கட்டுப்பாடு அவ்வளவு இல்லை. அங்கே தென்னங்குற்றி எந்த மாதமும் கழன்று வரும்.

மிசின் வந்ததும் ஒட்டுநர் நேரே கட்டையில் வாளியைக் கொழுவி இழுக்கப் பார்ப்பார். பெரிய கட்டையில் அது நடவாது. மிசின் முன்னால் குனிந்து செயின் பின்னால் எழும்பும், எண்ணெய்க் குழாய் வெடிக்கவும் கூடும். முதலில் கட்டையிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி மேல்மண்ணை ஒரு பக்கம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். பிறகு மூன்று பக்கமும் ஒடுங்கிய கானாகத் தோண்டி, பக்கவேர்களை ஒவ்வொன்றாக றிப்பரால் அறுக்க வேண்டும். நாலாம் பக்கத்தை விட்டுவைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து கட்டையின் உச்சியைத் தள்ளினால் அடிப்பக்கம் எழும்பும். எழும்பிய இடைவெளியில் றிப்பரை நுழைத்து ஆணிவேரை இழுத்து முறிக்கலாம். மிசினின் முன்தகடு நிலத்தில் ஊன்றியிருக்க வேண்டும். எழுந்த கட்டையைக் குழிக்கு மேலேயே வைத்து உதற வேண்டும். அடிமண்ணை முதலில் போட்டு, வாளியால் அமர்த்தி, கடைசியில் தனியாக வைத்த மேல்மண்ணைப் பரப்ப வேண்டும். ஒரு சாண் உயர்த்தி விடுங்கள், மாரியில் தாழும்.

ஒன்றரைத் தொன் மிசினுக்குச் சாண் விட்டமுள்ள கட்டை, 5 தொன் மிசினுக்கு ஒன்றரை அடி விட்டமுள்ள கட்டை என்று பொதுவாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். பாலை, வீரை போன்ற வயிரமரங்களுக்கு அதிலும் குறைத்துப் போடுங்கள். அதற்கு மேற்பட்டதைச் சின்ன மிசினால் முழுசாய்ப் பிடுங்க நினைக்காமல், பிளந்து துண்டு துண்டாக எடுக்கலாம், அல்லது விட்டுவிடலாம்.

வேலை நடக்கும்போது கையின் எட்டத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது. பிள்ளைகள் பெக்கோ பார்க்க ஓடி வருவார்கள். ஒரு பெரியவரை அதற்கென்றே நிறுத்துங்கள். கட்டையின் அடிப் பொந்துகளில் விரியன் பாம்பும் தேளும் இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மிசினுக்குக் காசில்லை, சொந்த ரக்ரரில் சங்கிலி கட்டி இழுக்கலாம் என்று நினைப்பவருக்கு ஓர் எச்சரிக்கை. சங்கிலியைப் பின்னச்சுக்கு மேலே கட்டி இழுத்தால், கட்டை அசையாதபோது முன்சில்லு எழும்பி, ரக்ரர் பின்புறமாக ஒட்டுநரின் மேல் கவிழும். கண் இமைக்கும் நேரம்தான், குதிக்க அவகாசம் இராது. கட்டுவதானால் கீழுள்ள இழுவைத் தண்டில் மட்டுமே கட்ட வேண்டும். வேரை முன்பே அறுத்த சிறு கட்டைக்கு மட்டும், மெதுவாக. சங்கிலி அறுந்து வீசும் திசையிலும் ஆள் நிற்கக் கூடாது.

எந்தக் கட்டையை விடலாம்

எல்லாக் கட்டையையும் பிடுங்க வேண்டும் என்பதில்லை. காசு குறைந்த குடும்பத்துக்கு இதுவே முக்கியமான பகுதி.

பனை ஒருமுறை தறித்தால் தளிர்க்காது. அதற்கு ஆணிவேரும் இல்லை, கயிறுபோன்ற நார்வேர்க் கூட்டம்தான். சில வருடத்தில் உக்கி மண்ணோடு போகும். உழவுத் தடத்தில் இல்லாவிட்டால் விடுங்கள். தென்னையும் தளிர்க்காது, ஆனால் அதை விடக் கூடாது. உக்கும் தென்னங்குற்றிக்குள் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் புழு வளரும். அங்கே வளர்ந்த வண்டு, நீங்கள் புதிதாக வைத்த தென்னம்பிள்ளையின் குருத்தைத் துளைக்கும். செலவழித்துப் பிடுங்க வேண்டியவற்றில் தென்னங்குற்றிக்கே முதலிடம்.

வேம்பு, இபில் இபில், சீமைக்கருவேல், தேக்கு ஆகியவை தளிர்க்கும் சாதி. சீமைக்கருவேலை நிலத்துக்குக் கீழே ஒரு அடி வரைக்கும் கிளறி, தளிர்க்கும் கழுத்துப் பகுதியை எடுத்தாலே போதும். முழு ஆணிவேரையும் துரத்திக்கொண்டு போக வேண்டாம், அது மிக ஆழம் போகும். எல்லையில் நிற்கும் தேக்குக் கட்டையில் ஒரு நல்ல தளிரை மட்டும் விட்டு மற்றவற்றை முறித்தால் மீண்டும் மரமாகும். இபில் இபில் எல்லையில் நின்றால் ஆட்டுக்குக் குழை.

குளக்கட்டில் நிற்கும் கட்டையை எவரும் தனியாகப் பிடுங்கப் போகக் கூடாது. மரவேர் அணைக்குள் ஓடியிருக்கும். பிடுங்கினால் பள்ளம், பிடுங்காமல் விட்டால் வேர் உக்கிய துளையால் நீர் கசியும். இரண்டுக்கும் நடுவில் சரியான முறையில் தோண்டிக் களிமண் இட்டுத் திமிசு போட வேண்டும். ஊர்ச் சிறுகுளம் என்றால் கமநல சேவை நிலையத்துக்கு எழுதிக் கொடுங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் குளங்கள் நிரம்பி வழிந்தது நினைவிருக்கும். அத்தகைய இரவில் ஒரு கைவிரல் துளையும் போதும்.

கூலிக் கணக்கு

மிசினை ஏற்றி வரும் லொறிக்கூலியும் உங்கள் தலையில்தான் விழும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு மணித்தியால வேலைக்கு மிசின் வந்தால், வேலைக் கூலியைவிட வருகைக் கூலி கூடிப்போகும். பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரே கிழமையில் கூப்பிட்டால் அது பத்தாகப் பிரியும். அதற்கு முன் ஒவ்வொரு காணியிலும் பிடுங்க வேண்டிய கட்டைக்குச் சுண்ணாம்பால் வெள்ளைக் குறியும், விடவேண்டியதற்குச் சிவப்புத் துணியும் கட்டி எண்ணி வையுங்கள். 30 கட்டை, ஒன்றுக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 10 மணித்தியாலம். அந்த 30இல் 12 பனங்கொட்டு என்றால், அவற்றை விட்டாலே 4 மணித்தியாலக் கூலி மிஞ்சுகிறது.

மிசினில் மணித்தியால மீற்றர் உண்டு. வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் அதைப் பார்த்து எழுதுங்கள். தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் நம் கிராமங்களில் அதிகம். அவர்களிடம் மணித்தியாலம் நீளுகிறது என்ற முறைப்பாடு பல இடங்களில் காதில் விழுகிறது. மாதர் சங்கத்திலிருந்து இருவர் கொப்பியோடு பக்கத்தில் நின்றால் மீற்றர் ஒழுங்காக ஓடும். டீசல் யாருடையது என்பதையும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். 2022இல் டீசல் இல்லாமல் மிசின்கள் காணி நடுவில் நின்றுபோன காலத்தில், இதைப் பேசாதவர்களே அதிகம் வாய்த்தர்க்கப்பட்டார்கள்.

பிடுங்கிய கட்டைகளை என்ன செய்வது? பாலையும் வீரையும் நல்ல விறகு. ஒரு வெயில் காலம் காய்ந்த பின் பிளந்தால் கோடாலிக்கு இலகு. வெடியில்லை என்று உறுதியான நிலத்தில் மூட்டம் போட்டுக் கரியாக்கலாம். தென்னங்குற்றியைக் குவித்து வைக்க வேண்டாம். உடனே பிளந்து காயவைத்து எரித்துவிடுங்கள், இல்லையேல் வண்டுக்குப் பண்ணை வைத்ததாகும். குழி நிரப்பிய இடங்களில் முதல் மாரி முடியும் வரைக்கும் ரக்ரரின் சில்லு போகாமல் பாருங்கள். மண் தாழும் அந்த இடங்களில் தண்ணீர் தேங்கி ஈரம் நிற்கும் என்பதால், முதல் வருடத்துக்கு வாழைக்குட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். குழை, சாம்பல், மாட்டெரு போட்டு வைத்தால் இதரையும் கதலியும் நன்றாகவே வருகின்றன.